மூன்று சுற்று ரப்பர் பேண்டு

ஜீப்பு இரண்டாவது கியரில் அலறுகிறது. மணி பதினொன்று நாற்பது. ஆவணி மாதம், வியாழக்கிழமை. குரங்கணியிலிருந்து போடிக்கு இறங்கிக்கொண்டிருக்கிறோம். மழை விடவில்லை. தார்ப்பாய் படபடக்கிறது. பின்னால் மடக்கிப் போட்ட சக்கர நாற்காலிகள் இரண்டும் ஒவ்வொரு குழிக்கும் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. டணங். டணங்.

பின்சீட்டில் மூன்று பேர். நடுவில் முருகேசன். அவனுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவன் மனைவி பாண்டியம்மாள். முருகேசன் முகம் செங்கல் நிறத்தில் இருக்கிறது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுகிறது. காலர் நனைந்துவிட்டது. மார்புக்குக் கீழே சட்டை காய்ந்து கிடக்கிறது. கையை விட்டுப் பார்க்கிறேன். வயிறு சில்லென்று இருக்கிறது. மயிர் குத்திட்டு நிற்கிறது. ஒரே உடம்பில் மேலே சித்திரை, கீழே மார்கழி.

மண்டை இடிக்கிறது என்கிறான். உள்ளே யாரோ உலக்கை போடுகிறார்கள் என்கிறான். அதைச் சொல்லிவிட்டு, "சாரமில்லண்ணே" என்கிறான். மலையில் பதினைந்து வருடம் மலையாளிகளோடு ஏலக்காட்டில் வேலை பார்த்தவன். பரவாயில்லை என்று சொல்ல அவனுக்கு அந்த ஒரு சொல்தான்.

பாண்டியம்மாள் அவனை மடியில் சாய்க்கப் பார்க்கிறாள். எந்த மனைவியும் அதைத்தான் செய்வாள்.

"படுக்கப் போடாத தங்கச்சி! நிமித்திப் பிடி! படுத்தான்னா போச்சு!"

கத்தியது நான்தான். ஓட்டிக்கொண்டிருந்த ராசு மிரண்டு பிரேக்கை மிதித்துவிட்டான். மூன்று பேரும் முன்னால் போனோம். கால் ஊன்றிச் சமாளிக்கிற வசதி எங்களில் பாண்டியம்மாளுக்கு மட்டும்தான் உண்டு. அவள் ஒரு கையால் புருஷனையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்தாள். இரண்டு ஆம்பளைகள். இரண்டும் இடுப்புக்குக் கீழே மூட்டை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். ஆள் கணக்கு, காய் கணக்கு எழுதுகிற வேலை. இருபது வருடம் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கியவன் ஒரு தடவைகூட வழுக்கியதில்லை. விழுந்தது பரணிலிருந்து. பழைய புத்தகக் கட்டு ஒன்றை எடுக்க ஏறினேன். ஒன்பது அடி. முதுகெலும்பு இடுப்புக்குச் சற்று மேலே முறிந்தது. வாசிப்பினால் கெட்டவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் அளவுக்கு நேரடியாகக் கெட்டவர் யாரும் இருக்கமாட்டார்கள். இப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஏலத்துக்குப் போகிற சாம்பிள் பாக்கெட்டுகளுக்குச் சீட்டெழுதி ரப்பர் பேண்டு போடுகிறேன்.

முருகேசன் விழுந்த விதம் கௌரவமானது. மழைக்கு முன்னால் நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறினான். கிளையோடு வந்தான். அவனுக்கு முறிவு மேலே. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். கை இரண்டும் நன்றாக இருந்தன. அந்தக் கைகளை வைத்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தானே தாவுவான். யாரும் தொடக்கூடாது.

எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. இந்தச் சுற்று வட்டாரத்தில் முதுகு முறிந்தவர்கள் ஆறு பேர். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனில் ஒன்று சேர்வோம். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்து அனுப்புவது ஒரு பங்குதான். மிச்சத்தை நாங்களே கண்டுபிடித்து நாங்களே சொல்லிக்கொள்ள வேண்டும். கால் மணிக்கு ஒரு தரம் கையை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கு. ஜீன்ஸ் போடாதே, தையல் அழுத்தும். சூடான டீ கிளாஸை மடியில் வைக்காதே, தொடை வெந்தாலும் தெரியாது. ராத்திரி கண்ணாடி பிடித்துப் பின்பக்கம் பார். ஒன்பது வருடமாகத் தினமும் என் பிட்டத்தை நானே கண்ணாடியில் பார்த்து வருகிறேன். அழகுணர்ச்சி காரணமில்லை. ஒரு தடவை மெத்தைக்கும் எனக்கும் நடுவே ஒரே ஒரு ஏலக்காய் விழுந்து கிடந்தது. காலையிலிருந்து கடை மூடும்வரை அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். புண் ஆற நாலு மாதம். எட்டு மில்லிமீட்டர் பருமன், ஏலத்தில் முதல் தரம். நல்ல காய்.

நான் படித்தவன் என்பதால் அந்தப் பேச்சில் வாத்தியார் நான்தான். யாரும் நியமிக்கவில்லை. இப்படிப்பட்ட வேலைகளுக்கு ஆள் தானாக வந்துவிடுவான்.

ஜீப்பில் உட்கார்ந்து முருகேசனைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதுதான் கேவலம். மார்புக்கு மேலே முறிந்தவர்களுக்கு மட்டும் வருகிற தலைவலி இது. கீழே ஏதோ தப்பாகியிருக்கிறது. மூத்திரப்பை முட்டுகிறது, அல்லது மலம் இறுகிவிட்டது, அல்லது தோல் எங்கோ நசுங்குகிறது. உடம்பு கத்துகிறது. கத்தல் மண்டைக்குப் போகிற வழி அறுந்து கிடக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. அழுத்தம் ஏறுகிறது. ஏறிக்கொண்டே போகிறது. செய்யவேண்டியது இதுதான்: நிமிர்த்தி உட்கார வை, காலைத் தொங்கப் போடு, இறுக்கமானதைத் தளர்த்து, காரணத்தைத் தேடு. முதலில் மூத்திரக் குழாயைப் பார்.

பார்த்தேன். முருகேசனுக்குக் குழாய் வழியாக மூத்திரம் வடிகிற பிளாஸ்டிக் பை எப்போதும் ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் இருக்கும். கல்யாணத் தாம்பூலப் பை. அதை வெளியே இழுத்தேன். காலி. ஒரு சொட்டு இல்லை. பாண்டியம்மாளைக் கேட்டேன். காலை ஏழு மணிக்குக் கொட்டினாள். அதற்குப் பிறகு அவன் தொடவிடவில்லை.

அன்றைக்கு அவன் மகளுக்குப் பூ வைக்கிற நாள். மாப்பிள்ளை வீட்டார் மேலே எஸ்டேட்டிலிருந்து இரண்டு ஜீப்பில் இறங்கியிருந்தார்கள். முருகேசன் பட்டுக்கரை வேட்டி. புது பெல்ட்டு. காலையில் நான் போனபோது வாசலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றான். பதினொன்றரைக்குத் தட்டு மாற்ற வேண்டும். பதினொன்றேகாலுக்கு முகம் சிவந்தது. வெயில் என்றார்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

இப்போது மணி பதினொன்று நாற்பத்தாறு. "வண்டியத் திருப்பு ராசு" என்று முனகிக்கொண்டே வருகிறான். தட்டு மாற்ற வேண்டும் என்கிறான். நான் வேட்டியை விலக்கப் போனேன். இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் அவ்வளவு வலி. கையில் அவ்வளவு பலம். மரமேறியின் கை. "வேணாம்ண்ணே. சாரமில்ல." மனைவி முன்னால் வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். நான் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவன்.

முந்தல் கிராமத்துக்கு முன்னால் ஓரம் கட்டச் சொன்னேன். ராசு நிறுத்தினான். பின்னால் லோடு ஜீப்பு ஒன்று ஹாரன் அடித்தது. மூன்று தரம், நீளமாக. ராசு இறங்கிப் போய் அந்த டிரைவருடைய தாயாரைப் பற்றி ஏதோ சொன்னான். ஹாரன் நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

"ரைட்டரண்ணே, என்ன செய்யணும்னு வெரசாச் சொல்லுங்க" என்றாள் பாண்டியம்மாள்.

"வேட்டியத் தூக்கு. டியூப்பு எங்கயாச்சும் மடங்கியிருக்கான்னு பாக்கணும்."

அவள் புருஷனின் கையைப் பிரித்தாள். ஒவ்வொரு விரலாக. நான் குனிந்தேன். எனக்கு இடுப்பில் பிடிமானம் கிடையாது. குனிந்தால் விழுவேன். முருகேசன் தொடைமேல் முகம் குப்புற விழுந்தேன். அவனுக்குத் தெரியாது. அப்படியே கிடந்துகொண்டு கையால் துழாவினேன்.

தொடையின் உட்பக்கம். குழாய் இரண்டாக மடிக்கப்பட்டிருக்கிறது. மேலே ரப்பர் பேண்டு. மூன்று சுற்று. மூன்றாவது சுற்றின் முனை அடியில் செருகப்பட்டிருக்கிறது.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும். போடியில் நூறு பேர் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போடுவார்கள். முனையை அடியில் செருகுவது நான் ஒருவன்தான்.

பங்குனியில் ஒரு சாயங்காலம். போனில் ஆறு பேரும் இருந்தோம். கல்யாணம் காட்சிக்குப் போனால் பை உப்பிக்கொண்டு வேட்டிக்கு வெளியே தெரிகிறதே என்று யாரோ குறைப்பட்டார்கள். வாத்தியார் வாயைத் திறந்தார். நான் கடைக்கு வியாபாரிகள் வருகிற நாளில் செய்கிற வித்தையைச் சொன்னேன். கிளம்பும்போது பையைக் காலி செய். குழாயை மடி. சாம்பிள் பாக்கெட்டு ரப்பர் பேண்டு மூன்று சுற்று. முனையை அடியில் செருகு, நழுவாது. ஒரு சபை முடிகிறவரை மகாராஜா மாதிரி உட்காரலாம்.

எல்லோரும் சிரித்தார்கள். முருகேசன்தான் அதிகம் சிரித்தான். "முனைய எந்தப் பக்கம் செருகணும்ண்ணே?" என்று கேட்டான். இரண்டு தரம் விளக்கினேன்.

ஒன்றரை மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்று அப்போது சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சாட்சி சொல்கிறவன் உண்மையைச் சொல்ல வேண்டும். நினைவில்லை.

என் முறிவு கீழே. நான் குழாயைக் கட்டினால் எனக்குக் காய்ச்சல் வரும், கிருமி வரும். தலைவலி வராது. முருகேசனின் முறிவு மேலே. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். அடிக்கோடு போட்டிருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. உனக்கு முறிவு எங்கே என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

ரப்பர் பேண்டு வரவில்லை. வேர்வையில் வழுக்குகிறது. நகம் ஏறவில்லை. நழுவாதபடி சொல்லிக்கொடுத்தவன் அதே முடிச்சோடு மல்லுக்கட்டுகிறேன். "பிளேடு இருக்கா!" என்று கத்தினேன். ராசு சாவிக்கொத்தைத் தேடினான். நான் பல்லால் கடித்தேன். அறுந்தது. உதட்டில் அடித்தது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு களக் என்று ஒரு சத்தம். பிறகு சர்ர் என்று. பை அசைந்தது, நிமிர்ந்தது, கனத்தது. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. பாண்டியம்மாள் பையைக் கையில் ஏந்திப் பிடித்துக்கொண்டு அழுதாள். அரைப் பை. முக்கால் பை. முருகேசன் முகத்திலிருந்து சிவப்பு மெள்ள மெள்ள இறங்கியது.

"விட்டுச்சுண்ணே" என்றான். "உலக்கை நின்னுருச்சு."

நாலு பேரும் சிரித்தோம். உண்மையில் சிரித்தோம். ராசு, நல்ல நாளும் அதுவுமா ஜீப்புக்குத் தண்ணி தெளிச்சிட்டீங்களே மாமா என்றான். வண்டியைத் திருப்பலாமா என்று முருகேசன் கேட்டான். போட்டோவுக்காவது போய்விடலாம் என்றான். போடிக்குப் போய் பிரஷர் பார்த்துவிட்டுப் போவோம் மாப்ளே என்றேன். பாண்டியம்மாள் அவன் முகத்தைத் துடைக்க முந்தானையை எடுத்தாள். நானே துடைத்துக்கொள்கிறேன் என்றான்.

வலது கை வரவில்லை.

வேட்டிமேல் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். அவன் மறுபடி முயன்றான். எங்கள் இருவருக்கும் அந்தப் பார்வை பழக்கம். அசையச் சொல்கிறோம், அசையவில்லை. ஏற்கெனவே ஒரு தரம் இடுப்புக்குக் கீழே பார்த்தது. இப்போது கையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பாதிச் சொல் வந்தது.

"ராசு, போ! நிக்காத, போ!"

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் போடி. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தலைப்பக்கம் தூக்குங்கள் என்று கத்தினேன். நீங்கள் யார் என்றார்கள். நானும் அவரும் ஒரே ரகம் என்றேன். பிரஷர் அப்போதும் எங்கேயோ நின்றது. அங்கிருந்து மதுரை. மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். காரணத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டதால் ஆள் பிழைத்தார் என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். நல்ல வேளை, விஷயம் தெரிந்த நீங்கள் கூட இருந்தீர்கள் என்றார். நான் நாற்காலிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள். வார்டுக்கு வெளியே நடையில் பாண்டியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் என் நாற்காலியில். எனக்கு அவள் டீ வாங்கிக்கொடுத்தாள். மடியில் வைக்காதீங்கண்ணே என்று சொல்லிக் கையில் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடம் ஆகிவிட்டது.

"அந்த ரப்பர் பேண்டு விசயத்த அவருக்கு யாருண்ணே சொல்லிக்குடுத்தா?"

கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். யாரோ பையன் போனில் காட்டினான் என்று சொல்லியிருக்கலாம். அவனே கண்டுபிடித்தான் என்று சொல்லியிருக்கலாம். முருகேசனால் மறுக்கமுடியாது. நான் கதை கட்டுவதில் கெட்டிக்காரன்.

"நாந்தான் தங்கச்சி."

அவள் டம்ளரைப் பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு சொன்னாள்:

"அவருக்கு மட்டுமாச் சொன்னீக? மத்தவுகளுக்கும்தான சொல்லியிருப்பீக. இங்க ஏன் ஒக்காந்திருக்கீக? அவுகளுக்குப் போனைப் போடுங்க மொதல்ல."

மூன்று நாள். எனக்கு அது தோன்றவில்லை. மூன்று நாளும் நான் குற்ற உணர்ச்சியில் மும்முரமாக இருந்தேன். அதுவும் ஒரு சொகுசுதான்.

அந்த நடையிலேயே கூப்பிட்டேன். முருகேசனைத் தவிர நாலு பேர்.

ராசிங்காபுரத்துக்காரர் முதல் மணியிலேயே எடுத்தார். அவருக்கு முறிவு என்னைவிடக் கீழே. தான் அதைச் செய்யவே இல்லை என்றார். நீங்கள் சொல்கிற எதையும் நான் செய்வதில்லை ரைட்டரே, பேச்சு நன்றாக இருக்கும் என்று கேட்பேன் என்றார். அன்றைக்கு அவரை எனக்கு மிகவும் பிடித்தது.

தேவாரத்துக்காரர் இரண்டு தரம் செய்திருக்கிறார். இரண்டாம் தரம் கல்யாண வீட்டில் தலை இடித்தது. செண்டை மேளத்தால் என்று நினைத்தார். முறிவு எங்கே என்று கேட்டேன். மார்புக்கு மேலே. இனிமேல் வேண்டாம், எப்போதும் வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்கிறவரை போனை வைக்கவில்லை.

மூன்றாவது ஒரு அம்மா. எங்களில் ஒரே பெண். பேச்சுக்கு நடுவில் மூத்திர விஷயம் வந்தால் அவர் போனைத் தள்ளி வைத்துவிடுவார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கேட்டிருக்கிறார். தனக்குத் தேவைப்படவில்லை என்றார்.

நாலாவது சின்னமனூர்க்காரர். ஆடி மாதத்திலிருந்து அவர் சாயங்காலப் பேச்சுக்கு வரவில்லை. ரீசார்ஜ் போடக் கைவரவில்லை போல என்று கிண்டல் செய்தோம். கிண்டலை ஆரம்பித்தது நான். போனை அவர் தம்பி எடுத்தார். அண்ணன் ஆடியில் தவறிவிட்டார் என்றார். கோயில் கொடைக்குப் போய்விட்டு வந்தார். தலை வலிக்கிறது என்றார். படுக்க வைத்தோம். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

குழாயில் ஏதாவது கட்டியிருந்ததா என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரு பாத்தாண்ணே. குளிப்பாட்டுறப்பக் கழட்டித் தூரப் போட்டோம்."

அவருக்கு முறிவு எங்கே என்று எனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியவில்லை. முதுகில் என்றார்.

இழந்தவை. முருகேசனின் வலது கை. பேச்சில் பாதிக்கு மேல். தானாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாவியது. மகளின் நிச்சயத்தில் தட்டு மாற்றுகிற வாய்ப்பு. அதை அவன் அண்ணன் செய்தார், போட்டோவில் அவர்தான் நிற்கிறார். பாண்டியம்மாள் இனி காய் பறிக்க மலைக்குப் போக முடியாது. கால் மணிக்கு ஒரு தரம் அவள்தான் அவனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆறு மணிப் பேச்சில் நாலு பேர் மிச்சம். நான் இப்போது கேட்பது மட்டும். யாராவது எதையாவது சொல்லிக்கொடுத்தால், உனக்கு முறிவு எங்கே என்று மட்டும் குறுக்கே கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள்.

சின்னமனூர்க்காரர் ஒருவர். அவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவைக்கிறேன்.

அந்த அம்மா மறுநாள் திரும்பக் கூப்பிட்டார். ஒன்று சொல்ல விட்டுப்போனது என்றார். வைகாசியில் புண்ணுக்கு மருந்து கட்ட மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எதிர்க் கட்டிலில் இருந்த ஒருவரின் மனைவியிடம் இந்த ரப்பர் பேண்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மூன்று சுற்று, முனை அடியில், எல்லாம் சரியாக. அவர்கள் பெயர் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கம். கொழுந்தனுக்கு ஆவணியில் கல்யாணம் என்று அந்தப் பெண் சொன்னாளாம். முறிவு மேலேயா கீழேயா என்று இவர் கேட்கவில்லை.